வன்னிக்குக் கொண்டுபோன கடற்சிலந்தி

2025 யூலை 22, செவ்வாய் – கிளிநொச்சி

ஆனையிறவு தாண்டும்வரை பஸ் யன்னலைத் திறந்து வைத்திருந்தது என் பிழைதான். சோளகக் காற்று உப்பளத்துப் புழுதியை அள்ளிவந்து முகத்தில் அப்பியது. பக்கத்தில் இருந்த அம்மா குழந்தையின் மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, "பூட்டுங்கோ பிள்ளை, காத்தைக் குடிச்சே பசியாறப் போறியள்?" என்றார். பூட்டினேன். அதற்குப் பிறகு அவியல்.

கூட்டாளி ஒருத்தி கிளிநொச்சிப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். "பாடப் புத்தகத்தில இல்லாத ஒரு விலங்கைப் பற்றி ஒரு மணித்தியாலம் வந்து கதையடி. அப்பிடியே முல்லைத்தீவு, நாச்சிக்குடாப் பக்கமும் போட்டு வரலாம்" என்று இரண்டு மாதமாகக் கரைச்சல். நான் தெரிந்தெடுத்தது இராட்சதக் கடற்சிலந்தி. பெரிய காரணம் ஒன்றுமில்லை. காண்டாவன வெயிலில் வீட்டுக்குள் வேர்த்துக்கொண்டு, சுழியத்துக்குக் கீழே 1.8 பாகைத் தண்ணீரில் சீவிக்கும் ஒன்றைப் பற்றி வாசிக்கச் சுகமாக இருந்தது.

46 படங்களைப் புரொஜெக்ரருக்கு ஆயத்தம் செய்து கொண்டுபோனேன். மூன்றாவது படத்தில் கரண்ட் போய்விட்டது. அதிபர் வந்து பார்த்து, "இனி இரண்டு மணிக்குத்தான் வரும் ரீச்சர், வெண்கட்டி தரட்டோ?" என்றார். வெண்கட்டியும் ஒரு மீற்றர் கோலும் கிடைத்தன. கோலை வைத்து எழுபது சென்ரிமீற்றரைக் குறித்தேன். மிகப் பெரிய கடற்சிலந்தியான கொலொசென்டீஸ் கொலோசியாவின் கால்கள் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அவ்வளவு தூரம் வரும். அந்த அகலத்துக்குக் கால்களை வரைந்து முடித்துவிட்டு, நடுவில் உடம்பென்று ஒரு சின்னக் கோடு இழுத்தேன்.

"ரீச்சர், வயிறு எங்க?"

46 படத்தில் ஒன்றிலும் நான் வயிற்றைக் காட்டவில்லை. எல்லாம் அளவும் படங்காட்டலும். உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அந்த உடம்புக்குள் வயிறு வைக்க இடமில்லை. குடல் கிளை பிரிந்து ஒவ்வொரு காலுக்குள்ளும் நீளுகிறது. சூலகமும் அப்படித்தான், பெண்ணின் தொடைப் பகுதிக்குள்தான் முட்டைகள் முதிரும். முட்டை வெளிவரும் துவாரமும் காலில்தான். சொல்லச் சொல்லப் பின்வாங்கில் சிரிப்புக் கிளம்பி முன்னுக்கு வந்தது. "அப்ப காலுக்க சாப்பாடு, காலுக்க பிள்ளை. நடக்கேக்க சமிக்குமோ ரீச்சர்?"

இது உண்மையான சிலந்தி இல்லை, வலை பின்னாது என்றேன். சிலந்தி, தேள் சேர்ந்த பெருங்குடும்பத்தில் மிகப் பழைய காலத்திலேயே பிரிந்து போன கிளை. 1,300க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. சூடான கடல்களில் இருப்பவை ஒரு மில்லிமீற்றர், ஐந்து மில்லிமீற்றர் என்று கண்ணுக்குத் தட்டுப்படாத அளவு. கடற்பஞ்சு, சொறிமீன் மாதிரி மெத்தென்ற உயிர்களில் உறிஞ்சுகுழலைக் குத்தி உறிஞ்சிக் குடிக்கும்.

முன்வரிசையில் ஒரு பிள்ளை கொப்பியில் வரைந்துகொண்டிருந்தாள். குனிந்து பார்த்தேன். பன்னிரண்டு கால். "எட்டு, பிள்ளை" என்று அழிறப்பரை எடுத்து நானே நாலு காலையும் அழித்துவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அழித்த இடத்தைக் கையால் தடவினாள்.

மத்தியானம் அம்மாச்சி உணவகத்தில் சாப்பாடு. சோறு, மூன்று மரக்கறி, முருங்கையிலைச் சுண்டல், மீன்குழம்பு, 350 ரூபாய். பிளேன்ரீயில் இஞ்சி கூடிப்போய்க் கண்ணில் தண்ணீர் வந்தது. பரிமாறிய அக்கா "தடிமனுக்கு நல்லது" என்றா. எனக்குத் தடிமன் இல்லை.

இரவு பதினொரு மணிக்கு, நுளம்பு வலைக்குள் படுத்திருக்கும்போதுதான் நினைவு வந்தது. பன்னிரண்டு கால் கடற்சிலந்தி இருக்கிறது! டொடெகோலோபோடா மவ்சோனி. அந்தாட்டிக்காக் கடலில் பிடித்து, 1933இல் பெயர் வைத்தது. பத்துக் கால் இனங்களும் இருக்கின்றன. இதை நானே ஒருமுறை எழுதியும் இருக்கிறேன். கூட்டாளியை எழுப்பிச் சொல்லலாமென்று நினைத்து, வெட்கத்தில் சொல்லாமல் புரண்டு படுத்தேன்.

யூலை 23, புதன் – முல்லைத்தீவு

பரந்தன் சந்தியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழி. சிறுபோக அறுவடைக் காலம். றோட்டோரம் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். பஸ்ஸுக்குள்ளும் இரண்டு மூடை. மூடைக்குச் சொந்தக்கார ஐயா என் மடியில் இருந்த படத்தாளை எட்டிப் பார்த்து, "உதென்ன, கரப்பானோ?" என்றார்.

சொன்னேன். போன மாதம் வெளிவந்த ஆய்வையும் சேர்த்துச் சொன்னேன்: ஆழ்கடலின் அடியில் மீதேன் வாயு கசிகிற இடங்களில் ஒரு கடற்சிலந்தி வகை இருக்கிறது. அந்த வாயுவைத் தின்னும் பற்றீரியாக்கள் அதன் உடம்பின் மேல் முளைக்கின்றன, சிலந்தி அவற்றைச் சுரண்டித் தின்கிறது.

ஐயா கொஞ்சநேரம் யோசித்தார். "அப்ப முதுகில வயல். வாய்க்கால் வெட்டத் தேவையில்லை, பசளைக்கு வரிசையில நிக்கத் தேவையில்லை." பிறகு நெல்லின் விலையைப் பற்றித் தொடங்கினார். விசுவமடு வரை அதுதான் கதை. இறங்கும்போது எனக்கு ஒரு கை கச்சான் தந்தார்.

புதுக்குடியிருப்பில் தேத்தண்ணிக் கடைக்காரர் அவ்வளவு பெருந்தன்மையானவர் இல்லை. "அந்தாட்டிக்காவில கிடக்கிறதை இஞ்ச வந்து சொல்லி என்ன பிரியோசனம்?" என்று நேரடியாகவே கேட்டார். பால்த்தேத்தண்ணி 120 ரூபாய், வடை 60. வடை பழையது. எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் இல்லை.

முள்ளிவாய்க்கால் கடந்து வட்டுவாகல் பாலத்தில் பஸ் ஏறியதும் சத்தம் குறைந்தது. ரேடியோவை றைவர் தணித்தாரா, அல்லது எனக்குத்தான் அப்படிக் கேட்டதா தெரியாது. ஒடுங்கிய பாலம். இரண்டு பக்கமும் நந்திக்கடல், தண்ணீர் வற்றி ஓரமெல்லாம் சேறு. எனக்கு முன்னால் இருந்த அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தா. பாலம் முடிந்ததும் திறந்தா.

தங்கினது கூட்டாளியின் சித்தி வீட்டில், முள்ளியவளையில். பின்னேரம் வாசிகசாலையில் பேச்சு. பிள்ளைகளுக்கென்றுதான் ஒழுங்கு செய்தது. வந்ததில் பாதிப்பேர் கிழவர்கள். வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் நந்திக்கடலில் நாற்பது வருசம் தொழில் செய்த ஒரு பெரியவர். இன்று கரண்ட் இருந்தது. ஆனால் நேற்றைய புத்தி வந்திருந்ததால் படங்களைப் பாதியாகக் குறைத்திருந்தேன்.

"குளிர்த் தண்ணியில ஏன் பெருக்குது?" என்று அவர்தான் கேட்டார்.

ஒட்சிசன் என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி மறித்தார். "பொறுங்கோ பிள்ளை. கோடையில களப்புத் தண்ணி சுடேக்க மீன் மேல வந்து வாயைப் பிளக்கும். பிறகு செத்து மிதக்கும். மூச்சு இல்லை, அதுதானே? அப்ப குளிர்த் தண்ணியில மூச்சுக் கூட."

நான் இரண்டு வரைபடத்தில் சொல்ல வைத்திருந்தது அவ்வளவுதான். சுழியத்தை ஒட்டிய கடல் நீரில், 30 பாகை நீரில் கரைவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒட்சிசன் கரையும். அதோடு குளிரில் உடம்பு மெதுவாக ஓடுவதால் தேவையும் குறைவு. வரவு கூட, செலவு குறைவு. துருவக் கடல்களில் சில விலங்குகள் பெருப்பதற்கு இதுதான் காரணம் என்று ஒரு விளக்கம் இருக்கிறது.

ஆனால் கடற்சிலந்திக்குப் பூவும் இல்லை, சுவாசப்பையும் இல்லை. (மீனின் செவுளை இங்கே பூ என்பார்கள்.) தோலில் இருக்கும் நுண்துளைகளால்தான் ஒட்சிசன் உள்ளே போகிறது. உடம்பு பெருக்கப் பெருக்கத் தோலில் துளைகளின் பங்கும் கூடுகிறது. அதன் இதயமோ சோணங்கி. நீண்ட கால்களின் நுனிவரை தள்ள அதால் முடியாது. அந்த வேலையைக் குடல் செய்கிறது. கால்களுக்குள் இருக்கும் குடல் அலையலையாகச் சுருங்கி விரியும்போது இரத்தமும் ஒட்சிசனும் சேர்ந்து நகர்கின்றன. ஆர்ட் வூட்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் 2017இல் இதைக் காட்டினார்கள். சமிக்கிற குடலே பம்பாகவும் நிற்கிறது. நேற்று அந்தப் பெடியன் "நடக்கேக்க சமிக்குமோ" என்று கேட்டதை நினைத்துக்கொண்டேன். அவனுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

பிறகு 2019இல் வந்த பரிசோதனை. கடல் சூடானால் பெரியவைதான் முதலில் மூச்சுத் திணறும் என்று எதிர்பார்த்து, அந்தாட்டிக்காவின் மக்மேடோ நிலையத்தில் கடற்சிலந்திகளைப் பிடித்து மல்லாத்திப் போட்டார்கள். அது நிமிரும். திரும்பவும் மல்லாத்துவார்கள். களைத்து நிமிர முடியாமல் போகும்வரை எண்ணினார்கள். தண்ணீரை 9 பாகை வரை சூடாக்கியும் பார்த்தார்கள். பெரியவை சின்னவைக்குச் சளைக்கவில்லை.

வாசிகசாலையில் ஒருவரும் அசையவில்லை. பெரியவர்தான் சொன்னார்: "பாவம். அதை மல்லாத்திப் போட்டு எண்ணிக்கொண்டு இருந்தவங்களோ?"

ஓம் என்றேன்.

"எத்தினை தரம் எழும்பினது?"

எண்ணிக்கை எனக்கு நினைவில்லை. அவருக்கு அது ஏமாற்றமாக இருந்தது, முகத்தில் தெரிந்தது.

யூலை 24, வியாழன் – முல்லைத்தீவு, முறிகண்டி

ஆடி அமாவாசை. பயணத் திகதி போடும்போது இதை நான் கவனிக்கவே இல்லை. விடியக்காலமை கடற்கரைக்குப் போனோம். கரைவலை இழுப்பதைப் பார்க்கலாமென்று நான் நினைத்திருந்தேன். வலையெல்லாம் வள்ளத்துக்குள் கிடந்தது. கரையில் சனம், எள்ளும் தர்ப்பையுமாக, ஐயர் முன்னால் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அமாவாசைக்குத் தகப்பன், சித்திரைப் பறுவத்துக்குத் தாய் என்பது எங்கள் பக்க வழக்கம். அந்த வரிசையில் இருபது வயது தாண்டாத பெடியன்கள் பலர் இருந்தார்கள். கணக்குப் பார்த்தால் அவர்கள் தகப்பனை நினைவு தெரியாத வயதில் இழந்தவர்கள். நான் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றிக்கொண்டு அலைக்குப் போனேன். ஒரு அலை செருப்பில் ஒன்றைக் கொண்டுபோய்விட்டது. மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, மொட்டையடித்த ஒரு பெடியன், "அக்கா, அதையும் விடுங்கோ, ஆருக்காவது சோடியாய்க் கிடைக்கட்டும்" என்றான். விட்டேன். புதுச் செருப்பு முல்லைத்தீவுக் கடையில் 850.

சித்தி வீட்டில் விரதச் சாப்பாடு. காத்தோட்டிக்காய்க் குழம்பு இல்லாமல் ஆடி அமாவாசை இல்லை. காயைப் பிளந்து கொட்டையை எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கொட்டை ஒன்று தப்பினாலும் கைப்பு. நான் தப்பவிட்டேன். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய், பயற்றங்காய், பாயாசம், வடை. காகத்துக்கு வைத்துவிட்டு, காகம் வரும்வரை காத்திருந்தோம். அது எங்கள் அவசரம் தெரியாமல் பக்கத்து வளவு முருங்கையில் இருந்து சுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தது.

காத்திருந்த நேரத்தில்தான் சித்தி கேட்டா, "நேற்று நீர் சொன்ன பூச்சி, முட்டையை ஆர் பாக்கிறது?"

தகப்பன் என்றேன். சித்தி நிமிர்ந்து பார்த்தா.

கடற்சிலந்திகளில் பெரும்பாலும் அப்படித்தான். பெண் விடும் முட்டைகளை ஆண் திரட்டி உருண்டையாக்கி, நடக்கிற கால்களுக்கு முன்னால் இருக்கும் ஒரு சோடி மெல்லிய காலில் மாட்டிக்கொண்டு திரியும். குஞ்சு வரும்வரை அதைச் சுமக்கும். ஆனால் இராட்சதக் குடும்பத்தில் முட்டை சுமக்கும் ஆணை ஒருவரும் கண்டதில்லை. அந்த முட்டைகளுக்கு என்ன நடக்கிறது என்பது வெகுகாலம் புதிர். அவிழ்ந்தது 2024இல்தான். ஹவாய்ப் பல்கலைக்கழகத்து ஏமி மோரனும் மாணவர்களும் அந்தாட்டிக்காவில் பனிக்கட்டிக்குக் கீழே சுழியோடி, சோடி சேர நின்ற கொலொசென்டீஸ் மெகலோனிக்ஸை எடுத்துவந்து தொட்டியில் வைத்தார்கள். முட்டைகள் வந்தன, ஆயிரக்கணக்கில், மிகச் சின்னதாக. பெற்றதில் ஒன்று, பெரும்பாலும் தகப்பன், இரண்டு நாள் மினக்கெட்டு அவற்றைத் தொட்டியின் கல்லடியில் ஒட்டியது. சில கிழமைகளில் முட்டைகளின் மேல் பாசி படர்ந்து, எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் மூடிவிட்டது. குஞ்சு வெளிவரப் பல மாதம் எடுத்தது.

"ஒட்டிப்போட்டுப் போயிடுமோ?"

"போயிடும்."

சித்தி ஒன்றும் சொல்லாமல் எழும்பி, இன்னொருக்கா "கா கா" என்று கூப்பிட்டா. காகம் வந்தது.

பின்னேர பஸ் ஒட்டுசுட்டான் தாண்டிப் பழுது. ஒன்றரை மணித்தியாலம் காட்டோர வெயில். கொண்டக்டர் தம்பி பாலை மர நிழலைக் காட்டி "அக்காமார் அங்க நில்லுங்கோ" என்றுவிட்டு, றைவரோடு சேர்ந்து என்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அதைக் கும்பிட்டமாதிரி நின்றார். யானை வரும் இடம் என்று ஒருவர் தொடங்கினார். யானை வரவில்லை, ஐஸ்கிறீம்கார மோட்டச்சைக்கிள் வந்தது. எல்லாம் விற்றுத் தீர்ந்தது.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தியபோது இருட்டிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்தப் பிள்ளையைக் கண்டு சொல்லிவிட நினைத்தது அதோடு போயிற்று. வறுத்த கச்சான் 200 ரூபாய்க்கு வாங்கினேன். சூடாக, மணலோடு.

யூலை 25, வெள்ளி – நாச்சிக்குடா, பிறகு வீடு

பூநகரி வழியாக முழங்காவில் பக்கம். காலைப் பேச்சு நல்லாகவே போனது. எழுத ஒன்றுமில்லை. அதிபர் ஒரு சோடி பனங்கட்டிக் குட்டான் தந்தார்.

கடற்கரையில் சோளகம் உரத்து வீசியது. பாதி வள்ளம் கரையில். நண்டு வலையை விரித்து வைத்துப் பெண்கள் நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். காலை முறிக்காமல் கழற்ற வேண்டும். கால் முறிந்தால் விலை பாதி. ஒரு அக்கா கதைத்துக்கொண்டே நிமிசத்துக்கு மூன்று நண்டு கழற்றினா. நான் ஒன்று கழற்றினேன், இரண்டு கால் போயிற்று. "அது உங்கடை சாப்பாட்டுக்கு" என்று என் பக்கம் தள்ளிவிட்டா.

கொஞ்சம் தள்ளி, கடலட்டைப் பண்ணையில் இருந்து கழற்றிவந்த வலை ஒன்று, சுத்தம் செய்வதற்காக ஓரத் தண்ணியில் போட்டபடி. பண்ணையைப் பற்றி இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு கதை சொல்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. என் கண் வலையில் இருந்தது. கண்ணி தெரியாமல் பழுப்புச் சடை. பாசிபோலத் தெரியும், கிட்டப் பார்த்தால் ஐதரோயிட் என்ற சின்ன விலங்குகளின் கூட்டம். கடற்சிலந்திக்குப் பிடித்த இடம். ஒரு பிடி பிய்த்து, சோடாப் போத்தலின் அடியை வெட்டிய கிண்ணத்தில் கடல்நீரோடு போட்டு, கைவில்லையோடு குந்தினேன்.

நாற்பது நிமிசம். முதுகு தீய்ந்தது. நண்டுக்கார அக்காவின் மகள் குடை பிடித்தாள். அப்போது சடையில் ஒரு நூல் நடந்தது. மூன்று மில்லிமீற்றர் இருக்கும். மஞ்சள் கலந்த கண்ணாடி நிறம். ஒரு காலை எடுத்து, யோசித்து, வைத்து, மற்றக் காலை எடுத்தது. காலுக்குள் கரும்புள்ளிகள் முன்னும் பின்னும் ஓடின. அதுதான் குடல். மூன்று நாளாக வெண்கட்டியால் வரைந்துகொண்டிருந்ததை இப்போதுதான் கண்ணால் காண்கிறேன்.

"இதுவோ?" என்று வில்லையில் பார்த்த அக்கா கேட்டா. "இது ஊத்தை எண்டெல்லோ நாங்கள் உரஞ்சித் தள்ளுறது."

உடம்பின் கீழ்ப்பக்கம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. முட்டையோ மணலோ தெரியவில்லை. கூட்டாளியின் பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் பார்க்கலாமென்று சின்னப் போத்தலில் விட்டு மூடினேன். ஓட்டோவில் ஏறிச் சந்திக்கு வந்து, தேத்தண்ணி குடிக்க இறங்கி, பையை ஓட்டோவின் பின்தட்டிலேயே விட்டுவிட்டேன், வெயிலில். இருபது நிமிசம்தான். திரும்பி வந்து தொட்டபோது போத்தல் குளிக்க வார்க்கும் சுடுதண்ணிபோல இருந்தது. சிலந்தி கால்களை மடித்துக்கொண்டு அடியில் கிடந்தது. நந்திக்கடல் பெரியவர் சொன்னதைப் புதன்கிழமை எழுதி வைத்தவளும் நான்தான்.

ஓட்டோக்காரத் தம்பி எட்டிப் பார்த்து, "உதுக்கே அக்கா முகத்தைத் தொங்கப்போடுறியள்? திரும்பப் போவமோ?" என்றார். பஸ் வந்துவிட்டது. ஓட்டோவுக்கு 600 கேட்டவர் 500 எடுத்தார்.

சங்குப்பிட்டிப் பாலத்தில் பஸ் போகும்போது கூட்டாளிக்கு ஒருவழியாகச் செய்தி போட்டேன். பன்னிரண்டு கால் இருக்கிறது, 1933, பெயர் இது, நான் அழித்தது பிழை, அந்தப் பிள்ளையிடம் சொல்லு. பத்து நிமிசத்தில் பதில் வந்தது. பிள்ளையிடம் சொல்லிவிட்டாளாம். பிள்ளை அழித்த நாலு காலையும் திரும்பக் கீறி, அதன் பெயரையும் எழுதிவிட்டாளாம். படமும் அனுப்பியிருந்தாள், அழித்த தழும்பின் மேலேயே, முந்தியதைவிடத் தடிப்பாக நாலு கால்.

கீழே இன்னொரு வரி: "ஆனா சோதினையில வந்தா எட்டு எண்டு எழுதுறதோ பன்னிரண்டு எண்டு எழுதுறதோ எண்டு கேக்கிறாள். என்ன சொல்ல?"

நான் இரண்டு தரம் ரைப் பண்ணி இரண்டு தரமும் அழித்துவிட்டேன். பஸ் கேரதீவுக்கு வந்துவிட்டது.